பணம் திரும்பி வரும் நாள்

ஒரு கம்பெனியின் கணக்கு என் மேசைக்கு வந்தால் நிகர லாபத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். வங்கியின் கடன் பிரிவில் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி பழக்கிவிட்ட பழக்கம் அது. “லாபத்தை ஆடிட்டர் எழுதுறார் தம்பி. ரொக்கத்தை யாரும் எழுத முடியாது, அது கணக்குல வந்திருக்கணும்” என்பார். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி திருப்பூர், கரூர், ஈரோடு வட்டாரக் கிளைகளில் போனது. பின்னலாடை, போர்வை, விசைத்தறி, சாயப்பட்டறை என எந்தத் தொழிலுக்குக் கடன் மனு வந்தாலும் நான் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: இவர் போட்ட பணம் திரும்பிக் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது? இன்று ஒரு வங்கியின் ஆண்டறிக்கையைப் படிக்க உட்கார்ந்தாலும் அதையே கேட்கிறேன். வங்கியோ கம்பெனியோ, அதன் நிதிநிலை உயர்வதற்கும் சரிவதற்கும் நூறு காரணங்கள் சொல்வார்கள். அவற்றில் முக்கால்வாசி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும் என்பது நான் கண்டது.

ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். நூல் வாங்கியதுமே பணம் வெளியே போய்விடுகிறது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று நகர்ந்து சரக்கு கப்பலேற இரண்டு மூன்று மாதமாகும். அதற்குப் பிறகு பையர் பணம் அனுப்ப 60 நாள், 90 நாள். வாரக் கூலி மட்டும் யாருக்காகவும் நிற்காது. சனிக்கிழமை வந்தால் கொடுத்தாக வேண்டும்.

மாதம் ஒரு கோடி ரூபாய்க்கு விற்கும் கம்பெனி ஒன்று, ஆண்டுக்கு 12 கோடி. நிகர லாபம் 4 சதவீதம் என்றால் 48 லட்சம். இதுவரை 60 நாளில் பணம் தந்த வாடிக்கையாளர்கள் 90 நாளாக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை குறையவில்லை, விலை குறையவில்லை, ஆள் கூலி ஏறவில்லை. ஆனால் ஒரு கோடி ரூபாய் கூடுதலாக வெளியில் மாட்டிக்கொண்டது. அந்த ஒரு கோடியை 10 சதவீத வட்டிக்கு வங்கியில் வாங்கினால் ஆண்டுக்கு 10 லட்சம், அதாவது லாபத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இயந்திரம் வாங்கி, ஆள் குறைத்து, இரவு பகலாக உழைத்து ஒரு சதவீத லாபத்தைக் கூட்டப் படாத பாடு படும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். அதே முதலாளி, 30 நாள் தாமதத்தை ‘பார்ட்டி நல்ல பார்ட்டிங்க, விட்டுப் பிடிக்கலாம்’ என்று விட்டுவிடுவார்.

கடன் அதிகாரியின் தொழில் நுணுக்கமெல்லாம் இந்த நாள் கணக்கை நேரில் போய்ப் பார்ப்பதில்தான் இருக்கிறது. சரக்கையும் பாக்கியையும் ஈடாகக் காட்டிக் கடன் எடுக்கும் கேஷ் கிரெடிட் கணக்கு வைத்திருப்பவர் மாதா மாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். சரக்கிருப்பு 1 கோடி 20 லட்சம், நூல் கடைக்கும் டையிங்குக்கும் தர வேண்டியது 40 லட்சம் என்று எழுதியிருப்பார். அப்படியானால் அவர் சொந்தமாகப் பணம் கொடுத்து வைத்திருக்கும் சரக்கு 80 லட்சம். அதில் 25 சதவீதம் மார்ஜின் கழித்தால் 60 லட்சம். வர வேண்டிய பாக்கி 90 லட்சம். அதில் 90 நாள் தாண்டியது 30 லட்சம் என்றால் அதைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது. மிச்சம் 60 லட்சத்தில் 40 சதவீத மார்ஜின் போக 36 லட்சம். ஆக, டிராயிங் பவர் 96 லட்சம். லிமிட் ஒன்றரைக் கோடி இருந்தாலும் அந்த மாதம் 96 லட்சத்துக்கு மேல் எடுக்க முடியாது. இது காகிதக் கணக்கு. இனிதான் குடோனுக்குப் போக வேண்டும்.

குடோனில் நான் எண்ணிக்கையை உடனே தொடமாட்டேன். துணி ரோல்களில் கட்டியிருக்கும் அட்டையில் லாட் நம்பரும் தேதியும் பார்ப்பேன். மேல் வரிசை ரோல் போன வாரத்துத் தேதியில் இருக்கும். அடி வரிசையில் இருப்பதை இழுத்துப் பார்த்தால் முந்தின வருடத்தின் நிறம், எந்த பையரும் இனிக் கேட்காத நிறம். மூலையில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். திறந்து காட்டச் சொன்னால் செக்கிங்கில் கழிந்த உருப்படிகள். ஸ்டேட்மென்டில் அவை ஏற்றுமதி விலையில் ஏறியிருக்கும். திருப்பூர் காதர்பேட்டைச் சந்தைக்குப் போனால் கழிவுச் சரக்குக்கான ஸ்டாக் லாட் விலைதான் கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “ஏனுங்க சார், எல்லாம் நல்ல சரக்குங்க, அடுத்த மாசம் போயிருமுங்க” என்பார். “எந்த ஆர்டருக்குங்க போகுது? ஆர்டர் காப்பி காட்டுங்க” என்று கேட்டால் பேச்சு டீ வாங்கி வரச் சொல்வதற்குத் திரும்பிவிடும்.

கணக்குப் பதிவேடு இன்னும் வெளிப்படையாகப் பேசும். நன்றாக ஓடும் தொழிலில் வரவுகள் ஒழுங்கில்லாத தொகைகளாக, பல பெயர்களிலிருந்து, மாதம் முழுக்க வரும். தடுமாறும் தொழிலில் மாதக் கடைசி நாளில் முழுத் தொகையாக 25 லட்சம் வரும். மறுநாளோ மூன்றாம் நாளோ அதே 25 லட்சம் உறவினர் பெயரில் உள்ள இன்னொரு நிறுவனத்துக்குப் போகும். விற்பனை 30 சதவீதம் கூடியதாகக் காட்டும் பேலன்ஸ் ஷீட்டுடன் மின்கட்டண ரசீதையும் ஜிஎஸ்டி 3பி படிவத்தையும் வைத்துப் பாருங்கள். மின்சார யூனிட் கூடாமல் உற்பத்தி எப்படிக் கூடும்? ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுத்தோம் என்றால் அதற்கான பில் இருக்க வேண்டும். இப்படி ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்ப்பதுதான் எங்கள் வேலை.

கம்பெனியின் கையில் இல்லாத காரணங்களும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நொய்யல் ஆறு கெட்டதற்கு அந்தத் தீர்ப்பு தேவையானதுதான். ஆனால் சாயம் போட இடமில்லாமல் நல்ல கம்பெனிகளும் ஒரே மாதத்தில் திணறின. 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. பழைய நூல் விலையில் ஆர்டர் ஒப்புக்கொண்டவர்கள் கையிலிருந்து போட்டுத் தைத்துக் கொடுத்தார்கள். இந்த இரண்டு அடியிலும் தப்பியவர்கள் பெரும்பாலும் கடன் குறைவாக வைத்திருந்தவர்கள். சொந்த முதல் குறைவாகவும் கடன் அதிகமாகவும் இருந்தால் நல்ல காலத்தில் முதலின் மேல் வரும் லாப விகிதம் பளபளவென்று தெரியும். காலம் மாறினால் அதே கடன்தான் முதலில் கழுத்தைப் பிடிக்கும்.

வங்கியின் நிலை இதைவிடக் கடினமானது. கம்பெனி ஓரளவாவது சொந்தப் பணத்தில் நடக்கிறது. வங்கி ஏறக்குறைய முழுக்க ஊர்ப் பணத்தில் நடக்கிறது. மொத்தச் சொத்தின் மேல் ஆண்டுக்கு ஒரு சதவீதம் லாபம் வந்தால் அதை நல்ல வங்கி என்போம். இதன் மறுபக்கம் பாருங்கள்: ஒரு கோடி ரூபாய்க் கடன் ஒன்று முழுக்க மூழ்கினால், நூறு கோடி ரூபாய்ச் சொத்து ஓராண்டு முழுக்க உழைத்துச் சம்பாதித்தது போய்விடுகிறது. ஒரு கடன் 90 நாளுக்கு மேல் வட்டியோ தவணையோ வராமல் நின்றால் அது வாராக் கடன். அன்றிலிருந்து கைக்கு வராத வட்டியை வருமானமாக எழுத முடியாது. ஏற்கெனவே எழுதி வராமல் நிற்கும் வட்டியையும் திருப்பி எடுக்க வேண்டும். அசலுக்கு முதலாண்டில் 15 சதவீதம் ஒதுக்கீடு, பிணை இல்லாத கடனானால் 25 சதவீதம், ஆண்டு கூடக் கூட அதற்கு மேல். வங்கியின் லாபத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஒதுக்கீடுதான்.

விதி இருந்தும், இந்த ஒதுக்கீட்டை எழுதுவதை வங்கிகளால் வெகுகாலம் தள்ளிப்போட முடிந்தது. 2015இல் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தபோது சொத்துத் தர ஆய்வு நடத்தினார்கள். பெயருக்குப் புதுப்பித்து நல்ல கடனாகக் காட்டி வந்தவை பல அம்பலமாகின. 2018 மார்ச்சில் வணிக வங்கிகளின் மொத்த வாராக் கடன் 11 சதவீதத்தைத் தாண்டியது. 2017-18இல் பொதுத்துறை வங்கிகள் சேர்ந்து அடைந்த நட்டம் 85,000 கோடி ரூபாய்க்கு மேல். அன்றிருந்த 21 வங்கிகளில் லாபம் காட்டியவை இரண்டுதான்: ஒன்று விஜயா வங்கி, இன்னொன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி. இதே இந்தியன் வங்கிதான் 1995-96இல் 1,300 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டி நாட்டையே திடுக்கிட வைத்தது. அதே பெயர், அதே ஊர்; கடன் கொடுக்கும் முறையும் வசூலிக்கும் முறையும் மாறின. 2000இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த ரஞ்சனா குமார் காலத்தில் அந்த வங்கி மீண்டும் லாபத்துக்குத் திரும்பியது.

கரூரில் இருந்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஊரில் இரண்டு வங்கிகள் பிறந்தன. கரூர் வைஸ்யா வங்கி 1916இல், லட்சுமி விலாஸ் வங்கி 1926இல். இரண்டும் அந்தப் பகுதி வியாபாரிகளுக்கும் விவசாயிகளுக்கும் கடன் கொடுத்தே வளர்ந்தவை. லட்சுமி விலாஸ் பின்னாளில் தனக்குப் பழக்கமில்லாத பெரிய கார்ப்பரேட் கடன்களுக்குப் போனது. 2020இல் அது கொடுத்த கடனில் நான்கில் ஒரு பங்கு வாராக் கடனாக நின்றது. அந்த ஆண்டு நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டபோது டெபாசிட்தாரர் பணம் காப்பாற்றப்பட்டது. பங்குதாரருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. தாத்தா காலத்துப் பங்குகளைக் குடும்பச் சொத்தாக வைத்திருந்தவர்கள் அந்த ஊரில் உண்டு. கரூர் வைஸ்யா இன்றும் நடக்கிறது. ஒரே ஊர், ஒரே பொருளாதாரம், ஒரே ரிசர்வ் வங்கி. வித்தியாசம் யாருக்குக் கடன் கொடுத்தார்கள், அவரை எவ்வளவு தூரம் அறிந்திருந்தார்கள் என்பதில் இருந்தது.

வங்கியின் கணக்கைப் படிக்கும்போது, வட்டி விகிதம் தரும் லாபத்தை அதன் திறமையாக எண்ணிவிடக் கூடாது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. 2019 அக்டோபரிலிருந்து புதிய வீட்டுக் கடன்களும் சிறுதொழில் கடன்களும் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போவோடு, கட்டப்பட்டிருந்ததால் கடன் வட்டி விரைவில் ஏறியது. முன்பே குறைந்த வட்டிக்கு வாங்கிய பிக்சட் டெபாசிட்டுகள் முதிரும்வரை பழைய வட்டியிலேயே இருந்தன. இடைவெளி விரிந்து லாபம் கூடியது. 2022-23இல் பொதுத்துறை வங்கிகளின் லாபம் ஒரு லட்சம் கோடியைத் தாண்டியதில் இதற்கும் பங்குண்டு. 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ ஒரு சதவீதம் இறங்கியபோது இது தலைகீழானது. வட்டி இறங்கும் காலத்திலும் தாங்கி நிற்கும் வங்கி எது என்றால், சேமிப்புக் கணக்கும் நடப்புக் கணக்கும் அதிகம் வைத்திருக்கும் வங்கி. அந்தப் பணம் மலிவு, வங்கியை விட்டு எளிதில் போகாது. அதைக் கொண்டுவருவது தலைமையகத்தின் விளம்பரம் அல்ல; கவுன்டரில் மரியாதையாகப் பேசும் கிளை ஊழியர். கிளைகளில் ஆளைக் குறைத்துக்கொண்டே மலிவு டெபாசிட் வேண்டும் என்று கேட்கும் நிர்வாகத்தை என்னால் ஏற்க முடிவதில்லை.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. பெரிய கம்பெனிகள் சிலவற்றின் ஆண்டறிக்கையில் ‘நடைமுறை மூலதனத் திறன் மேம்பட்டது’ என்று பெருமையாக எழுதியிருக்கும். குறிப்புகளைப் புரட்டினால், சரக்கு தந்தவர்களுக்குப் பணம் கொடுக்க எடுத்துக்கொள்ளும் நாள் கூடியிருக்கும். அந்தத் திறன் என் கிளையில் ஒரு பிரிண்டிங் பட்டறைக்காரரின் ஓவர்டியூவாக வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் வேலை சுத்தம், ஆர்டர் நிறைய. பாக்கி ஐந்து மாதமாகியும் வரவில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காது என்று அவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவர் கணக்கு வாராக் கடனானது. பெரிய கம்பெனியின் நல்ல நிதிநிலையும் அவருடைய கெட்ட நிதிநிலையும் ஒரே பணம்தான்.

குறு, சிறு தொழில் செய்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் உங்கள் பணம் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியோடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காதவர், கொடுக்கும் ஆண்டு வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. இந்த விதி 2024 ஏப்ரலில் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவாக அமலுக்கு வந்தது. உங்கள் சிறுதொழில் பதிவான உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள், சரக்கு ஏற்றுக்கொண்ட தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடன் கேட்டு வங்கிக்கு வரும்போது அந்தத் தேதிகளையும் பணம் வந்த தேதிகளையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள். நல்ல கடன் அதிகாரி உங்கள் லாபக் கணக்குக்கு முன்னால் அந்தத் தாளைத்தான் கையில் எடுப்பார்.