கோப்பின் தலையில் ஒரு நோக்கியா

சிப்பில் மின்சாரம் துண்டிக்கப்பட்ட பகுதியின் ரிஜிஸ்டரைப் படிக்கப்போனால் என்ன ஆகும்? பல சிப்புகளில் பிழைச் செய்திகூட வராது. சீரியல் கன்சோலில் ஓடிக்கொண்டிருந்த வரி பாதியில் நிற்கும். வாட்ச்டாக் ரீசெட் அடிக்கும்வரை போர்டு அசையாது. ஒரகடத்தில் வண்டிகளுக்கான டிஸ்பிளே செய்யும் இடத்தில் எனக்கு வேலை. அங்கே ஒரு ரிவர்ஸ் கேமரா டிரைவர் இப்படித்தான் படுத்தியது. ரிஜிஸ்டரைத் தொடும் முன் கர்னலிடம் ‘பவர் கொடு’ என்று கேட்கும் ஒரு வரி விடுபட்டிருந்தது, சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஆனால் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தது யார்? கிருத்திகைக் கூட்டம் வல்லக்கோட்டைத் தெருவை அடைத்திருந்த ஒரு விடுமுறையில், முருகனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, ஒவ்வொரு வரியையும் எழுதியவரைக் காட்டும் கிட் பிளேம் போட்டுப் பின்னோக்கிப் போனேன்.

முதலில் அகப்பட்டது 2011. லினக்ஸ் 3.1-ல் சேர்ந்த பவர் டொமைன் கோப்பு. டொமைன் என்றால் ஒரே சப்ளையைப் பகிரும் சாதனக் கூட்டம். எழுதியவர் போலந்துக்காரர் ரஃபேல் வைசாக்கி. காப்புரிமை வரியில் அவரோடு ஜப்பானின் ரெனேசாஸ். ஹாஸ்டல் அறையை விட்டுக் கடைசியாகப் போகிறவர் சுவிட்சை அணைப்பதுபோல, டொமைனில் உள்ள சாதனங்கள் எல்லாம் தூங்கிய பிறகே இந்தக் கோப்பு சப்ளையை நிறுத்தும். க்ளாக்கை மட்டும் நிறுத்தினால் போதாதா? போதாது. டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க, சும்மா இருக்கும்போது கசிகிற மின்னோட்டமும் பெரிய செலவாகிவிடுகிறது. சப்ளையைத் துண்டித்தால் கசிவு அடங்கும். ரிஜிஸ்டரில் எழுதிவைத்ததும் கூடவே போய்விடும். முன்கூட்டிச் சேமித்து, எழுந்ததும் திரும்ப எழுதுவது டிரைவரின் பொறுப்பு.

அதற்கும் முன்னால் சிப் கம்பெனிகள் ஆளுக்கொரு வழி வைத்திருந்தன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமாப் சிப்புக்கான பவர் டொமைன் கோப்பைத் திறந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எழுதியவர் பால் வால்ம்ஸ்லி. அவர் பெயருக்கு மேலே, டெக்சாஸுக்கு அடுத்த வரியில்: 2007–2011, நோக்கியா கார்ப்பரேஷன். நிலைகளை எண்ணும் பகுதியும் நோக்கியாவின் டெரோ கிறிஸ்டோ எழுதியது. ஓமாப்4 பகுதி அபிஜித் பகாரேவுடையது.

எங்கள் பக்கத்தில் நோக்கியா என்றால் ஸ்ரீபெரும்புதூர் ஆலைதான். 2006-ல் தொடங்கியது, 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. இங்கே லைனில் ஓடியவை பெரும்பாலும் சாதாரண போன்கள். நோக்கியா ஓமாப்போடு மல்லுக்கட்டியது, 2009-ல் வந்த என்900 போன்ற லினக்ஸ் கருவிகளுக்காக. அந்த போன் பாக்கெட்டில் ஒரு நாள் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் டொமைன்கள் அணைந்தே ஆக வேண்டும். பேட்டரிக் கவலைதான் இந்த ஒழுங்கைப் பெற்றது என்பது என் முடிவு. நிறுத்திவைத்த வண்டியின் பேட்டரிக்கும் இன்று அதே கவலை.

பிறகு, எந்தச் சாதனம் எந்த டொமைனில் என்று, வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயிலேயே எழுதும் பொது முறை 2014-ல் வந்தது; கொடுத்தவர் டோமாஷ் ஃபிகா.

டிரைவர் எழுதுகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. பவர் கேட்கும் பழைய ‘கெட் சிங்க்’ அழைப்பு தோற்றாலும் சாதனத்தின் பயன்பாட்டு எண்ணிக்கையை ஏற்றிவிடும். நீங்கள் இறக்க மறந்தால் டொமைன் அணையாது, பேட்டரி காலியாகும். 2020-ல் 5.10 பதிப்போடு வந்த ‘ரிஸ்யூம் அண்ட் கெட்’, தோற்றால் தானே இறக்கிவிடும். அதையே பயன்படுத்துங்கள்.