காலத்தில் சேரும் மருந்து

நோய்க்கு மருந்து காண்பது ஒரு வெற்றி. அம்மருந்தை நோயாளியின் கைக்குக் காலத்தில் கொண்டுசேர்ப்பது மற்றொரு வெற்றி. முன்னதைப் போற்றும் உலகம் பின்னதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியா நாட்டு மக்களை மலேரியாக் காய்ச்சல் நெடுங்காலமாக வாட்டிவருகிறது. கொடிய வகை மலேரியா இளங்குழந்தையைப் பற்றினால், இரண்டொரு நாள்களிலேயே உயிருக்கு இறுதி நேரலாம். அதனைத் தீர்க்கும் நல்ல மருந்து உண்டு. ஆயினும், குழந்தையைச் சுமந்து பல கல் நடந்துவரும் தாய், சிற்றூர் மருத்துவ நிலையத்தின் அலமாரி வெறுமையாய் இருக்கக் கண்டால், அம்மருந்து உலகில் இருந்தும் என்ன பயன்? அடுத்த ஊரில் அது மிகுதியாகக் கிடந்திருக்கலாம். எங்கே குறைவு, எங்கே மிகுதி என்பதை மாவட்ட அதிகாரி உடனுக்குடன் அறிய வழியிருக்கவில்லை.

இத்தடையை நீக்க 2009-ஆம் ஆண்டில் அங்கு ஒரு முயற்சி தொடங்கியது. அதற்கு அரிய பொறி எதுவும் வேண்டியிருக்கவில்லை. பணியாளரின் கையிலிருந்த எளிய கைப்பேசியே போதுமானதாயிற்று. வியாழக்கிழமைதோறும் அதற்கு ஒரு குறுஞ்செய்தி வரும். பணியாளர் மலேரியா மாத்திரைப் பொதிகளையும் குயினைன் ஊசிமருந்தையும் எண்ணி, அவ்வெண்களைக் கட்டணமின்றி அனுப்புவார். விடையளிக்காதவர்க்கு நினைவூட்டல் செல்லும். காலத்தில் விடையளித்தவர்க்குக் கைப்பேசிக் கணக்கில் சிறுதொகை சேரும். அதிகாரி குறையுள்ள இடத்தைக் கண்டு, மிகுதியுள்ள நிலையத்திலிருந்தோ பண்டகசாலையிலிருந்தோ மருந்தை அனுப்புவிப்பார்.

மூன்று மாவட்டங்களைச் சேர்ந்த 129 நிலையங்களில் இம்முறை 21 வாரங்கள் சோதிக்கப்பட்டது. தொடக்கத்தில் 100-க்கு 78 நிலையங்களில் ஏதேனும் ஒரு மலேரியா மருந்து இல்லாதிருந்தது. முடிவில் அது 26 ஆகக் குறைந்தது. லிண்டி ஊரக மாவட்டத்தில் அக்குறை அறவே நீங்கியது.

எனினும், கைப்பேசி மருந்தைச் சுமந்து செல்வதில்லை. பண்டகசாலையே வெறுமையானால் எந்தச் செய்தியும் அதனை நிரப்பாது. எண்ணுபவர் உண்மை சொல்லாவிடினும், படிப்பவர் வாளாவிருப்பினும் கருவி வீணே. அலமாரியின் முன் நின்று ஒரு பணியாளர் உள்ளதை உள்ளபடி எண்ணும் அந்தச் சில நிமிடங்களில், முகமறியாத ஒரு குழந்தையின் உயிர் அடங்கியிருக்கிறது. சிறு கடமை என்று எதனையும் தள்ளுதல் தகாது.