சத்தமா, சேதியா?

உங்கள் வீட்டு டி.வி.யில் வால்யூம் எத்தனையில் இருக்கிறது? எங்கள் வீட்டில் போன வருஷம் நாற்பதைத் தாண்டிவிட்டது. அப்பாவுக்குக் காது மந்தம். எல்லோரும் சிரித்தால் அவரும் சிரிப்பார், ஒரு நொடி தாமதமாக.

காசு சேர்த்து ஒரு காது மிஷின் வாங்கிக் கொடுத்தேன். ஒரே வாரம்தான். மிஷின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

'இவ்வளவு காசு போட்டு வாங்கியிருக்கு. மாட்டிக்கிட்டா என்னப்பா?' என்று கத்தினேன்.

'சத்தமெல்லாம் நல்லாத்தான் கேக்குதுடா. நீ பேசறதுதான் புரியலை.'

வீம்பு என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே நினைத்திருப்பீர்கள்?

தெருக்கோடியில் மைக்செட் வைத்திருக்கும் நண்பரிடம் போய்ப் புலம்பினேன். ஒரு ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

'இது என்ன செய்யும்னு நினைக்கறீங்க சார்?'

'சின்ன சத்தத்தைப் பெரிசாக்கும்.'

'அங்கேதான் தப்பு.'

நான் படித்தது பி.காம். அதனால் அவர் சொன்னதை என் பாஷைக்கு மாற்றித்தான் புரிந்துகொண்டேன். நாம் பேசும்போது காற்று அதிர்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தை மைக் அப்படியே மின்சாரமாக்குகிறது. அதற்குப் பெயர்தான் சிக்னல். வெறும் மில்லிவோல்ட் கணக்கு. அதை வைத்து ஒரு ஸ்பீக்கரை அசைக்க முடியாது. அசைக்கிற சக்தி பேட்டரியிலிருந்தோ வீட்டு கரண்ட்டிலிருந்தோ வருகிறது. எப்போது, எவ்வளவு விடவேண்டும் என்று உத்தரவு போடுவது மட்டும்தான் சிக்னலின் வேலை. முதலாளி எழுதும் செக் மாதிரி. துண்டுக் காகிதமா பணமாகிறது? பணம் பாங்க்கில் இருக்கிறது.

செக்கைப் பார்த்துப் பணம் கொடுக்கும் காஷியர்தான் டிரான்சிஸ்டர். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1954-ல் டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வருவதற்கு முன்பே, காது மிஷினுக்குள் குடியேறிவிட்டது.

இந்தக் காஷியருக்கு இரண்டு குணம். ஒன்று, கணக்கில் இருப்பதற்கு மேல் ஒரு பைசா தரமாட்டார். அப்பாவின் மிஷினில் இருப்பது 1.4 வோல்ட் பட்டன் பேட்டரி. அளவுக்கு மீறிக் கேட்டால் அலையின் தலையும் காலும் வெட்டுப்படும், குரல் கரகரக்கும். இரண்டு, எது அவசியச் செலவு, எது தண்டச் செலவு என்று கேட்கமாட்டார். என் பேச்சு, டி.வி., மிக்ஸி, கீழே விழும் டம்ளர் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். இப்போதைய டிஜிட்டல் மிஷின்கள் இரைச்சலைக் கொஞ்சம் வடிகட்டும். முழுக்க முடியாது.

மறுபடி காதைப் பரிசோதித்த பெண்மணி இன்னொரு விஷயம் சொன்னார். வயதானால் முதலில் போவது கீச்சு ஓசைகள்தானாம். ஆ, ஓ போன்ற உயிரோசைகள் கனமானவை. அவை காதில் விழுந்துவிடும். ச, ஸ, த போன்றவற்றின் அடையாளம் பெரும்பாலும் அந்த மெல்லிய கீச்சில்தான் இருக்கிறது. அப்பாவுக்குப் 'பத்து' எது, 'பட்டு' எது என்று பிரிபடவில்லை. கத்தினால் கூடுவதும் பெரும்பாலும் உயிரோசைதான். அதாவது, அவருக்கு ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்ததைத்தான் நான் இத்தனை நாள் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். வீம்பு யாருக்கு, சொல்லுங்கள்?

கீச்சுப் பகுதியை மட்டும் கூடுதலாக ஏற்றும்படி மிஷினை மாற்றி அமைத்துக் கொடுத்தார்கள். பாதிக் குறை தீர்ந்தது. மீதிக்கு மைக்செட் நண்பர்தான் வழி சொன்னார்.

'கிட்டப் போய்ப் பேசுங்க சார். திறந்த வெளியில தூரம் பாதியானா, மைக்குல விழற சிக்னல் ரெண்டு மடங்கு. சுத்தி இருக்கற இரைச்சல் ஏறாது. இதை எந்த ஆம்ப்ளிஃபயரும் செஞ்சு தராது.'

அன்று ராத்திரி டி.வி.யை அணைத்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு அப்பாவுக்கு எதிரே, முகம் பார்த்து உட்கார்ந்தேன். பழக்க தோஷம், உரக்கவே ஆரம்பித்தேன்.

'ஏண்டா கத்தறே? இங்கேதானே இருக்கேன்' என்றார்.