மூவரில் ஒருவர்

ஒரகடத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து மூன்று தோழியர் தங்கியிருந்தோம். மூவருக்கும் ஷிப்ட் வேறு வேறு. ஒருங்கே விழித்திருக்கும் பொழுது ஞாயிறு மாலை மட்டுமே. அப்போது கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துப் பழைய படங்களின் நடனங்களைப் பார்ப்போம். திருவிதாங்கூர் சகோதரிகள் எங்களுக்கு நெருக்கமானது அவ்விதமே.

லலிதா, பத்மினி, ராகினி. திருவனந்தபுரத்துப் பெண்கள், குரு கோபிநாத்திடமும் திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளையிடமும் பயின்றவர்கள். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவாகி 1948இல் வெளிவந்த உதயசங்கரின் 'கல்பனா'வில் மூத்தவர் இருவரும் ஆடினர். பின்னர், கதைக்குத் தொடர்பில்லையெனினும் இவர்களது நடனம் ஒன்று படத்தில் இடம்பெறுவது வழக்கமாயிற்று. 1950இல் 'பிரசன்னா' என்ற மலையாளப் படத்தில் மூவரும் தோன்றினர்.

ஒரே மூச்சில் சொல்லப்பட்ட பெயர்கள் பிறகு தனித்தனியே பிரிந்தன. 1953இல் 'தேவதாஸ்' படத்தின் சந்திரமுகியாக லலிதா நினைவில் நின்றார். பத்மினி முன்னணிக் கதாநாயகியானார். 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தபின் மோகனா என்றாலே அவர்தான். ராகினிக்குத் துணைப் பாத்திரங்களும் நகைச்சுவையும் கூடுதலாக வாய்த்தன.

எங்களில் யாருக்கு யார் உயர்வு என்று சண்டையே நடக்கும். நாங்கள் இருவரும் பத்மினியின் பக்கம். மூன்றாமவள் மட்டும், "கடைசியில் நிற்பவளைப் பாருங்களடி" என்பாள். நாங்கள் சிரிப்போம்.

சென்ற ஆண்டு அவளது ஒப்பந்தத்தைத் தொழிற்சாலை புதுப்பிக்கவில்லை. எங்களுடையது புதுப்பிக்கப்பட்டது. காரணம் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்காகக் கேட்க எங்களுக்குத் துணிவில்லை. ஒரு பெட்டியும் பாயுமாக ஊருக்குப் பேருந்து ஏறினாள்.

ராகினி 1976இல் மறைந்தார், லலிதா 1982இல். திருமணத்துக்குப் பின் அமெரிக்கா சென்ற பத்மினி, 1977இல் நியூ ஜெர்சியில் நடனப் பள்ளி தொடங்கினார். 2006இல் சென்னையில் காலமானார். தங்கையும் அக்காவும் போனபின் அவர் வாழ்ந்தது இருபத்து நான்கு ஆண்டுகள். வெற்றி என்று நாங்கள் எண்ணியிருந்ததில் இந்தக் கணக்கு சேரவில்லை.

இப்போதும் ஞாயிறுகளில் பார்க்கிறோம். எங்கள் கண்கள் இளையவளையே தேடுகின்றன. அக்காமாருக்குச் சற்றும் பிந்தாமல் அவரது பாதமும் தரையைத் தொடுகிறது. இதை அவளிடம் தொலைபேசியில் சொன்னோம். "இப்போதுதான் பார்த்தீர்களா?" என்றாள்.