கூடுதலாகப் போட்ட ஒரு கிண்ணம் தீவனம்

எங்கள் ஊர் திருவண்ணாமலை என்றதும் தீபம் ஏற்றும் மலையை நினைத்துவிடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், புரட்டாசி சனிக்கிழமைகளில் சீனிவாசப் பெருமாளைச் சேவிக்கக் கூட்டம் கூடுமே, அந்த ஊர். கண்மாயும் கிணறும் பார்த்து வளர்ந்தவன் நான். நன்னீர் இறால் குஞ்சு பொரிப்பகத்துக்கு வேலைக்குப் போனபோதுதான் கடல் தண்ணீரில் கை நனைத்தேன்.

ஆற்றில் வளரும் இறாலானாலும் அதன் இளங்குஞ்சு உப்புக் கலந்த நீரில்தான் பிழைக்கும். 1960-களின் தொடக்கத்தில் மலேசியாவில் ஷாவோ-வென் லிங் என்ற ஆய்வாளர் இதைக் கண்டறிந்த பிறகே பொரிப்பகங்கள் வந்தன. ஒரு பங்கு கடல்நீருக்கு இரண்டு பங்கு நன்னீர் கலந்து, லிட்டருக்கு 12 கிராம் அளவில் உப்பை வைப்போம். வெப்பம் 28 முதல் 31 டிகிரி.

குஞ்சு இரையைத் தேடிப் போகாது. அருகில் வந்ததைத்தான் பிடிக்கும். அதனால் காற்றுக்குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் நாட்களில் உயிருள்ள ஆர்ட்டீமியா மட்டும். பிறகு பகலில், முட்டையும் பால் பவுடரும் கலந்து அவித்துச் சல்லடையில் தேய்த்த தீவனம், மாலையில் ஆர்ட்டீமியா.

ஒரு நாள் சாயங்காலம், 'பாவம், பசிக்குமே' என்று ஒரு கிண்ணம் முட்டைத் தீவனம் கூடுதலாகப் போட்டேன். அடியில் தேங்கியதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கவும் இல்லை. விடிந்து பார்த்தால் தொட்டியில் நாற்றம். குஞ்சுகளில் பாதிக்கு மேல் அடியில் கிடந்தன. மிச்சத் தீவனம் அழுகி, அம்மோனியா ஏறிவிட்டது.

அங்கிருந்த மூத்த அண்ணன் திட்டவில்லை. "தம்பி, ஒரு வேளை பசி தாங்கும். கெட்ட தண்ணியை ஒரு ராத்திரிகூடத் தாங்காது" என்றார். அன்றிலிருந்து காற்றை நிறுத்தி, கழிவை உறிஞ்சி, அதே உப்பும் அதே சூடும் உள்ள புதுத் தண்ணீர் மாற்றிய பிறகுதான் தீவனக் கிண்ணத்தைத் தொடுவேன்.

இப்போது ஊரில் சொந்தக் குட்டையில் இறால் வளர்க்கிறேன். குஞ்சு வாங்கப்போகும் உங்களுக்கு ஒன்று சொல்வேன்: 11 பருவம் கடந்து, படிப்படியாக நன்னீருக்குப் பழக்கிய குஞ்சுதானா என்று கேட்டு வாங்குங்கள். பையைக் கொஞ்ச நேரம் குட்டையில் மிதக்கவிட்டு, குட்டைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கலந்து விடுங்கள். தீவனம் போடும் முன்பு முந்தின வேளை மிச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால், அன்றைக்குக் கையை இறுக்குங்கள்.