எப்படிப் படிப்பது?

(இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

“நன்றாகப் படி!” இந்த அறிவுரையைக் கேளாத மாணவர் நம்மில் ஒருவரேனும் உண்டா? ஆனால், எப்படிப் படிப்பது என்று சொல்லித் தந்தவர் எத்தனை பேர்? எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டும் என் அம்மா, “படிச்சியாடா?” என்றுதான் கேட்பார். அதற்கு மேல் கேட்க அவர் கல்லூரியைக் கண்டவர் அல்லர். நம்மில் பலர் வீட்டிலும் இதே நிலைதான்.

அரியர் வைத்திருப்பவர்களைச் சோம்பேறிகள் என்பது எளிது. ஆனால் தேர்வுக்கு முன் அவர்கள் கண்விழிப்பதை நாம் அறிவோம். ஒரே பக்கத்தைப் பத்து முறை படிப்பார்கள். எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். தேர்வறையில் பேனா நகராது. உழைப்பு இருக்கிறது, முறை இல்லை.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர் இருவர் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பின் 40 விழுக்காடு நினைவிருந்தது. ஒரு முறை படித்து, மூன்று முறை பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61 விழுக்காடு நினைவிருந்தது!

நமக்கு இது முற்றிலும் புதிதா? 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர்த் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் நாம் தொடக்கக் கல்வி பெற்றோம். கற்றல் ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அடுத்த அட்டையை நாமே எடுத்தோம். வளர வளர ஏணி போயிற்று. நோட்ஸ் மட்டும் மிஞ்சியது.

இரண்டு தாள்களில் தவறிய என் வகுப்புத் தோழன், “திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிடறேன்டா” என்றான். ஞாயிறுதோறும் மாவட்ட மைய நூலகத்தில் சேர்ந்து உட்கார்ந்தோம். ஒரு நோட்டில் மூன்று கேள்விகள். படிக்குமுன்: இன்று எந்தப் பகுதி, எவ்வளவு நேரம்? படிக்கும்போது: புத்தகத்தை மூடிவிட்டு எழுத முடிகிறதா? முடித்தபின்: எங்கே நின்றேன், ஏன்? திட்டமிடல், தன்னைக் கவனித்தல், தன்னை மதிப்பிடல் என்று பேரி சிம்மர்மன் என்ற அறிஞர் வகுத்த மூன்று நிலைகளும் இவையே.

மூன்றாம் வாரம் அவனே கண்டுபிடித்தான். அவனைத் தடுத்தது இயற்பியல் அன்று. ஒவ்வொரு தருவித்தலிலும் தொகையிடல் வரும் வரியில்தான் நின்றிருக்கிறான். “ஒண்ணும் புரியலை சார்” என்றிருந்தவன், அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு கணித ஆசிரியரிடம் சென்றான். நவம்பரில் ஒரு தாளில் தேறிவிட்டான்; மற்றொன்று இன்னும் நிற்கிறது. திருப்பூர்ப் பேச்சும் நின்றுவிட்டது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: பருவத்தின் முதல் வாரத்தில் ஒரு மணி நேரம், ‘இந்தத் தாளை எப்படிப் படிப்பது?’ என்பதையே பாடமாக நடத்துங்கள். நண்பர்களே, தேறியவர்கள் தேறாதவருக்கு நோட்ஸ் மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். அருகில் உட்கார்ந்து, எந்த வரியில் நிற்கிறார் என்று அவரே காணும்வரை துணையிருங்கள்.