'இருக்கலாம்'னு சொல்லும் புரோகிராம்... கேள்வி கேட்கும் மலை!

டூர்னா பீச், ஃபால்ஸ் மட்டும்தானா? இந்த வாரம், புரோகிராம் எழுதுறவங்க மலையேறிப் போற ஒரு ஊரைப் பார்ப்போம். டிக்கெட், விசா வேண்டாம். நானும் இந்தப் பக்கம் வழியாத்தான் வர்றேன்!

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம். டென்வரிலிருந்து ராக்கி மலைகள் வழியே காரில் சுமார் நாலு மணி நேரம் போனால் ஆஸ்பென். உயரம் சுமார் 8,000 அடி. 1880-களில் வெள்ளிச் சுரங்கத்தால் கொழித்த ஊர். 1893-ல் வெள்ளி விலை சரிய, ஜனங்க மூட்டை கட்டினாங்க. பிறகு கைகொடுத்தது பனிச்சறுக்கு.

இங்கே 1962-ல் தொடங்கிய இயற்பியல் மையம் ஒன்று இருக்கு. 2007-ல் 'பூஸ்ட்கான்' என்ற பெயரில் சி பிளஸ் பிளஸ் ஆட்கள் கூட ஆரம்பிச்சது இங்கேதான். 2012-ல் பெயர் 'சி பிளஸ் பிளஸ் நவ்' ஆச்சு. பல பேச்சுகளுக்கு 90 நிமிஷம். நடுவிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பாங்க. நம்ம வைவாவே தேவலை!

'பூஸ்ட்'னா குடிக்கிறது இல்லை பாஸ்! 1998-ல் பிறந்த, எல்லாருக்கும் இலவசமான சி பிளஸ் பிளஸ் லைப்ரரிகளின் தொகுப்பு. உள்ளே நுழைய பொது ஆய்வைத் தாண்டணும். 2025 மே மாதம் அந்த வாசலில் நின்றது 'பூஸ்ட் புளூம்'.

1970-ல் பர்ட்டன் புளூம் சொன்ன ஐடியா இது. ஒரு பெயர் பட்டியலில் இருக்கான்னு கேட்டால், முழுப் பட்டியலையும் புரட்டாமல் சில பிட்களை மட்டும் பார்த்துப் பதில் வரும். 'இல்லை'ன்னா சத்தியமா இல்லை. 'இருக்கு'ன்னா... இருக்கலாம்! பெயருக்கு 10 பிட் கொடுத்தால், இல்லாததை 'இருக்கு' என்று சொல்லும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம். 10 லட்சம் பெயருக்கு 1.25 எம்.பி. போதும்.

தெரிஞ்சே தப்பு பண்ற ஒண்ணை எப்படி நம்புறது? அதுக்குத்தான் ஆய்வு. இது மலையில் நடக்காது. அவங்கவங்க வீட்டிலிருந்தே, பத்து நாள். டிசைன் எப்படி, விளக்கக் குறிப்பு புரியுதா, நீங்களே ஓட்டிப் பார்த்தீங்களா என்று கேள்விகள் போகும். எனக்குப் பிடிச்ச கேள்வி இது: 'இதைப் பார்க்க எவ்வளவு உழைச்சீங்க? மேலோட்டமாவா, ஆழமாவா?' ஓட்டை எண்ணி முடிவு சொல்றதில்லை. காரணங்களை எடைபோட ஒரு மேலாளர் இருப்பார்.

எழுதியவர், ஸ்பெயினின் ஹோவாகீன் லோபஸ் முனியோஸ். அவருடைய 'மல்ட்டி இண்டெக்ஸ்' 2004-லேயே பூஸ்டில் சேர்ந்தாச்சு. இருபது வருஷ சீனியர்! அவருக்கும் அதே கேள்விகள்தான். தேறி, 2025 ஆகஸ்டில் வந்த 1.89 பதிப்பில் புளூம் இடம்பிடிச்சது.

நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூவை நினைச்சுப் பாருங்க. 'ஓடுதா? ஓகே', கையெழுத்து! நண்பனோட கோடை 'சூப்பர் மச்சி'ன்னு சொல்லும் முன்னாடி, எத்தனை வரி படிச்சோம்?

ஆஸ்பெனுக்குப் போக டாலர் வேணும். பூஸ்ட் ஆய்வில் கலந்துக்க டிகிரிகூட கேட்க மாட்டாங்க. உட்கார்ந்து படிக்கிற பொறுமை போதும். அடுத்த லைப்ரரி வரும்போது ரெடியா?